ஈரம் அறியும் பட்டு

மழைக்காலத்தில் பட்டுச் சாரியை அலுமாரியிலிருந்து வெளியே எடுக்க உம்மாமார் விரும்புவதில்லை. நீர் பட்டால் திட்டு விழும், சுருங்கிவிடும், ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும் என்பார்கள். அவர்கள் சொல்வது முற்றிலும் சரி. ஆனால் நாம் பட்டின் குறை என்று எண்ணும் இந்தக் குணத்தையே இன்று பல நாடுகளின் ஆய்வுகூடங்கள் ஒரு திறமையாகப் படித்து வருகின்றன. காற்றில் ஈரம் கூடினால் சுருங்கும் பட்டு நூல், சுழலும் பட்டு நூல், நிறம் மாறும் பட்டுப் படலம் என்று பலவற்றை உருவாக்கியிருக்கிறார்கள். ஈரம் விலகியதும் இவை பழைய நிலைக்குத் திரும்புகின்றன. இவற்றை இயக்க மின்கலம் வேண்டாம், கம்பி வேண்டாம். சூழலின் மாற்றத்தைத் தாமே உணர்ந்து தாமே பதிலளிக்கும் இத்தகைய பொருள்களை ‘ஸ்மார்ட் பொருள்கள்’ என்கிறார்கள்.

எங்கோ நடக்கும் ஆராய்ச்சி நமக்கு எதற்கு என்று கேட்கலாம். ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கும் அதிகமாக மழை பெறும் இரத்தினபுரியிலும், மழைக்குக் குறைவில்லாத கேகாலையிலும் வாழ்பவர்கள் நாம். தேயிலை வாடுவதும், இறப்பர் பால் வெட்டுவதும், கொடியில் போட்ட சீருடை காய்வதும் இங்கே ஈரத்தைப் பொறுத்தே நடக்கின்றன. ஈரத்தைப் பற்றிய படிப்பு நமக்குத் தூரத்துப் படிப்பாக இருக்க முடியாது. விஞ்ஞானம் கற்பிப்பவள் என்ற முறையில், மாணவியரும் பெற்றோரும் சேர்ந்து வாசிக்கக்கூடியதாக இப்பாடத்தை எழுதுகிறேன்.

பட்டு எதனால் ஆனது?

முசுக்கட்டை இலையைத் தின்று வளரும் பட்டுப்புழு, நான்கு முறை தோலுரித்த பின் தன்னைச் சுற்றி ஒரு கூட்டைக் கட்டுகிறது. அந்தக் கூடு அறுபடாத ஒரே இழை. அதை அவிழ்த்து நீட்டினால் ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் வரை வரும். உற்றுப் பார்த்தால் அதனுள் இரண்டு மெல்லிழைகள் ஒட்டிக் கிடக்கும். ஒவ்வொன்றின் தடிப்பும் மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கு அளவே.

அந்த மெல்லிழைகள் ஃபைப்ரோயின் என்ற புரதத்தால் ஆனவை. அவற்றை ஒட்டியிருக்கும் பசை செரிசின் என்ற இன்னொரு புரதம். கூட்டின் நிறையில் ஏறக்குறைய கால்பங்கு இந்தப் பசைதான். நெசவுக்கு முன் சவர்க்காரம் அல்லது சோடா கலந்த கொதிநீரில் இதைக் கழுவி அகற்றுவார்கள். அதன் பிறகே பட்டுக்கு மினுமினுப்பு வருகிறது.

ஃபைப்ரோயின் புரதத்தில் கிளைசீன், அலனீன், செரீன் என்ற மூன்று சிறிய அமினோ அமிலங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. சிறியவை என்பதால் சங்கிலிகள் மிக நெருக்கமாக அடுக்கப்பட முடிகிறது. இவ்வாறு அடுக்கப்பட்ட பகுதிகள் பளிங்கு போல இறுக்கமானவை. அவற்றுக்கிடையே சங்கிலிகள் ஒழுங்கின்றிச் சுருண்டு கிடக்கும் தளர்ந்த பகுதிகளும் உண்டு.

ஒரு தஸ்பீஹ் மாலையை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். மணிகள் கடினமானவை. மணிகளை இணைக்கும் நூல் நெகிழ்வானது. மாலையை நீரில் போட்டால் மணிகளுக்கு ஒன்றும் நேராது, நூல்தான் ஊறும். பட்டு இழையிலும் அப்படியே. பளிங்குப் பகுதிக்குள் நீர் புகுவதில்லை. தளர்ந்த பகுதிக்குள் புகுந்துவிடும். உறுதியான பகுதி இழையைக் கட்டுக்குள் வைத்திருக்கிறது, தளர்ந்த பகுதி அசைகிறது. ஈரத்தில் கரைந்து போகாமலும், ஈரத்தைக் கண்டுகொள்ளாமல் இருந்துவிடாமலும் பட்டு நடந்துகொள்வதற்கு இந்த இரட்டைத் தன்மையே காரணம்.

நீர் என்ன செய்கிறது?

தளர்ந்த பகுதியிலுள்ள சங்கிலிகளை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருப்பவை ஐதரசன் பிணைப்புகள். இவை பலவீனமான பிணைப்புகள். ஆனால் எண்ணிக்கையில் அதிகம். நீர் மூலக்கூறு உள்ளே வந்ததும் சங்கிலிகளுக்கு இடையே நுழைந்து, அந்தப் பிணைப்பைத் தன் பக்கம் எடுத்துக்கொள்கிறது. பிடி தளர்ந்த சங்கிலிகள் இடம் மாறுகின்றன. இழை பக்கவாட்டில் பருக்கிறது, மிருதுவாகிறது. நனைந்த பட்டு அதன் உறுதியில் ஐந்தில் ஒரு பங்கு வரை இழப்பதும் இதனால்தான். உலரும்போது நீர் வெளியேற, சங்கிலிகள் மீண்டும் கைகோத்துக்கொள்கின்றன.

இதை நாம் தினமும் பயன்படுத்துகிறோம். சுருங்கிய துணியில் நீர் தெளித்து அயன் பண்ணுவது ஏன்? நீர் பழைய பிணைப்புகளைத் தளர்த்துகிறது, சூடு நீரை வெளியேற்றுகிறது, துணி தட்டையாக இருக்கும் நிலையில் புதிய பிணைப்புகள் உருவாகின்றன. மழை நாளில் தலைமுடி அடங்காமல் நிற்பதற்கும் காரணம் இதுவே.

இப்போது முறுக்கைச் சேர்த்துப் பாருங்கள். மழையில் நனைந்த கொடிக்கயிறு விறைத்து நிற்பதையும், அதன் முடிச்சை அவிழ்க்க முடியாமல் இருப்பதையும் கண்டிருப்பீர்கள். கயிற்றின் நார்கள் நனைந்தால் நீளத்தில் அதிகம் கூடுவதில்லை, பக்கவாட்டில்தான் பருக்கின்றன. முன்பு மெல்லிய கயிற்றைச் சுற்றிக் கிடந்த அதே நீள நார் இப்போது பருத்த கயிற்றைச் சுற்ற வேண்டும். அதற்கு நீளம் போதாது. ஆகவே கயிறு குறுகுகிறது, அல்லது முனை கட்டப்படாமல் இருந்தால் முறுக்கவிழ்ந்து சுழல்கிறது. நெசவாளர்கள் இந்த உண்மையை நெடுங்காலமாக அறிவார்கள். கடுமையாக முறுக்கிய பட்டு நூலில் நெய்து, பின் நீரில் நனைத்து எடுத்தால் முறுக்கு விடுபட முயன்று துணி முழுவதும் நுண்ணிய சுருக்கம் விழும். கிரேப் துணியின் பிறப்பு அப்படித்தான். இன்று அபாயாவுக்கு நாம் வாங்கும் கிரேப் பெரும்பாலும் பொலியெஸ்டர் என்றாலும், அந்தத் துணியின் இரகசியம் முறுக்கும் நீரும்தான்.

ஈரத்தை அளந்த இரண்டு பழைய முயற்சிகள்

பட்டையும் முடியையும் கொண்டு ஈரத்தை அறிவது புதிய எண்ணம் அல்ல. ஜெனீவாவைச் சேர்ந்த சோசூர் என்ற விஞ்ஞானி 1783 இல் மனிதத் தலைமுடியால் ஓர் ஈரமானியைப் பற்றி எழுதினார். தலைமுடியும் புரதமே. முற்றிலும் உலர்ந்த காற்றிலிருந்து முற்றிலும் ஈரமான காற்றுக்கு வரும்போது அது நூற்றுக்கு இரண்டு, இரண்டரை பங்கு நீளும். அந்தச் சிறு நீட்சியை ஒரு முள்ளோடு இணைத்துவிட்டால் காற்றின் சாரீரப்பதனை வாசிக்கலாம். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக இக்கருவி பயன்பாட்டில் இருந்தது.

இரண்டாவது முயற்சி வியாபாரத்திலிருந்து வந்தது. பட்டு தன் நிறையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை உறிஞ்சினாலும் தொடுவதற்கு ஈரமாகத் தெரியாது. அப்படியானால் நிறுத்து விற்கும் இடத்தில் என்ன நடக்கும்? ஈரமான அறையில் பட்டை வைத்திருந்து விற்பவருக்கு நீரும் பட்டு விலைக்கே போகும். வாங்குபவர் ஏமாறுவார். இந்தச் சிக்கலைத் தீர்க்கப் பிரான்சின் பட்டு நகரமான லியோனில் 1805 இல் பட்டைச் சோதிக்கும் பொது நிலையம் அமைக்கப்பட்டது. பின்னாளில் வழங்கிய முறை இது: மாதிரி ஒன்றை முற்றாக உலர்த்தி நிறுக்க வேண்டும், அந்த உலர் நிறையோடு 11 சதவீதத்தைச் சேர்த்துக் கணக்கிடுவதே வியாபார நிறை. 11 சதவீதம் என்பது பட்டுக்குரிய நியம ஈரம். இன்றும் அதுவே வழக்கு.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 50 கிலோகிராம் பட்டு விற்பனைக்கு வருகிறது. அதிலிருந்து எடுத்த 100 கிராம் மாதிரி உலர்ந்தபின் 85 கிராம் நிற்கிறது. எனவே முழுப் பொதியின் உலர் நிறை 50 × 0.85 = 42.5 கிலோகிராம். அதோடு 11 சதவீதம் சேர்த்தால் 42.5 × 1.11 = 47.175 கிலோகிராம். சோதனை இல்லாவிட்டால் வாங்குபவர் 2.8 கிலோகிராமுக்கு மேல் வெறும் நீருக்குப் பணம் கொடுத்திருப்பார். அளவையிலும் நிறுவையிலும் நீதி பேணுவதை மார்க்கம் எவ்வளவு வலியுறுத்துகிறது என்பதை நாம் அறிவோம். ஈரத்தைச் சரியாக அளப்பதும் அந்த நீதியின் ஒரு பகுதிதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கொழுந்து நிறுக்கும் இடத்தைப் பற்றிப் பேசும்போது மீண்டும் தேவைப்படும்.

சிலந்தி கற்றுத்தந்தது

சிலந்தி நூலும் பட்டு வகையைச் சேர்ந்ததே. சிலந்தி கீழே இறங்கும்போது தன்னைத் தொங்கவிட்டுக்கொள்ளும் முதன்மை நூல் மிக உறுதியானது. அதை நனைத்தால், முனைகள் கட்டப்படாதபோது, சில இனங்களில் பாதி நீளம் வரை சுருங்கிவிடும். பனித்துளிகளின் பாரத்தில் வலை தொய்ந்து போகாமல் இழுத்துப் பிடிக்க இது உதவுகிறது என்பது ஒரு விளக்கம்.

2019 இல் மற்றொரு குணம் வெளிவந்தது. சீனாவின் ஹுவாசொங் விஞ்ஞான தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டபியாவோ லியுவும், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த மார்க்கஸ் பியூலரும் உள்ளிட்ட குழு அதை வெளியிட்டது. சிலந்தி நூலில் ஈரத்தின் விளைவைப் படிப்பதற்காக ஒரு சிறு பாரத்தை அதில் ஊசல் போலக் கட்டி, மூடிய கூட்டுக்குள் தொங்கவிட்டு ஈரத்தைக் கூட்டினார்கள். எவரும் எதிர்பாராத வகையில் பாரம் சுழலத் தொடங்கியது. சாரீரப்பதன் ஏறக்குறைய 70 சதவீதத்தைத் தாண்டியதும் அந்த நூல் முறுக்கிக்கொள்கிறது என்று கண்டார்கள். அந்தப் புரதத்திலுள்ள புரோலின் என்ற அமினோ அமிலத்தின் அமைப்பே இதற்கு முக்கிய காரணம் என்பது அவர்களின் விளக்கம்.

பிள்ளைகளே, இங்கே ஒரு பாடம் உண்டு. பாரம் சுழன்றபோது “பரிசோதனை கெட்டுவிட்டது” என்று அவர்கள் அதை ஒதுக்கவில்லை. ஏன் சுழல்கிறது என்று கேட்டார்கள்.

பட்டு நூலால் ஒரு தசை

சிலந்திகளைப் பண்ணையில் வளர்ப்பது கடினம். ஒன்றையொன்று தின்றுவிடும். பட்டுப்புழு அப்படியல்ல, மனிதர் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வளர்த்து வரும் உயிரினம். ஆகவே அதே 2019 ஆம் ஆண்டில், சீனாவின் நன்காய் பல்கலைக்கழகத்தையும் டாலஸ் நகரின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள் சாதாரணப் பட்டு இழையையே எடுத்துக்கொண்டார்கள்.

அவர்கள் செய்தது எளிமையானது. இழைகளை நன்றாக முறுக்கினார்கள். முறுக்கிய நூலை நடுவில் மடித்து, இரண்டு பாதிகளும் ஒன்றையொன்று சுற்றிக்கொள்ள விட்டார்கள். இப்படி மடித்த நூல் தானாக அவிழ்ந்து போகாது; இரு பாதிகளின் முறுக்கும் ஒன்றையொன்று சமன் செய்துவிடும். அந்த நூலுக்கு நீர்த்திவலை காட்டியபோது ஒவ்வொரு மில்லிமீற்றர் நீளத்துக்கும் 547 பாகை சுழன்றது. அதாவது ஒரு மில்லிமீற்றருக்கு ஒன்றரைச் சுற்று. உலர்ந்ததும் திரும்பிச் சுழன்று பழைய இடத்துக்கு வந்தது. முறுக்கிய நூலைச் சுருள்வில் போலச் சுற்றிச் சூட்டில் நிலைப்படுத்தியபோது, சாரீரப்பதன் 20 இலிருந்து 80 சதவீதமாகக் கூட, அது 70 சதவீதம் சுருங்கியது. 10 சென்ரிமீற்றர் நூல் 3 சென்ரிமீற்றராகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நமது தசைகூட அவ்வளவு சுருங்குவதில்லை. அதனால்தான் இதைச் செயற்கைத் தசை என்கிறார்கள்.

மற்றொரு வழி, பட்டை முழுவதுமாகக் கரைத்துப் புதிய வடிவம் கொடுப்பது. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகம் இதில் பெயர் பெற்றது. கூடுகளைச் சோடியம் காபனேற்றுக் கரைசலில் கொதிக்கவைத்துப் பசையை நீக்குவார்கள். எஞ்சிய ஃபைப்ரோயினைச் செறிந்த இலிதியம் புரோமைட்டுக் கரைசலில் கரைப்பார்கள். பின் மென்சவ்வுப் பைக்குள் இட்டு நீரில் வைத்தால் உப்பு வெளியேறிவிடும், பட்டு நீரில் கரைந்த நிலையில் நிற்கும். அதை உலர்த்தினால் கண்ணாடி போன்ற படலம் கிடைக்கும். மயிலிறகின் நிறம் சாயத்தால் அன்றி நுண்ணிய அடுக்கமைப்பால் வருவது போல, அந்தப் படலத்திலும் நுண்ணிய ஒழுங்கமைப்பை உண்டாக்கினால் நிறம் தோன்றும். ஈரத்தில் படலம் பருத்து இடைவெளிகள் மாறினால் நிறமும் மாறும். அப்போது ஈரத்தை நாம் கண்ணாலேயே வாசிக்கலாம்.

நமது காற்றில் இது வேலை செய்யுமா?

இப்பாடத்தில் நான் மிக முக்கியமாகக் கருதும் கேள்வி இதுதான். மேலே சொன்ன எண்களை மீண்டும் பாருங்கள். பட்டுத் தசை 20 இலிருந்து 80 சதவீதம் வரையான மாற்றத்துக்குச் சுருங்கியது. சிலந்தி நூல் 70 சதவீதத்தில் விழித்துக்கொண்டது. ஆனால் நமது மலையடிவாரங்களில் காலை வேளையில் சாரீரப்பதன் 90 சதவீதத்தைச் சாதாரணமாகத் தொடும். வெயிலடிக்கும் நண்பகலிலும் 20 சதவீதத்துக்கு இறங்குவது கிடையாது. 70 சதவீதத்தில் செயற்படத் தொடங்கும் ஒரு நூலை இங்கே மாட்டிவைத்தால் பெரும்பாலான காலை நேரங்களில் அது ஏற்கனவே முறுக்கிக்கொண்டுதான் இருக்கும். வறண்ட ஊருக்கு அது ஓர் உணரி. நமக்கு அது பெரும்பாலும் எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் விளக்கு.

ஆகவே இங்கு வேண்டியது 75 க்கும் 95 க்கும் இடையிலான சிறு மாற்றத்தையும் பிரித்தறியும் பட்டு. முறுக்கின் அளவு, பளிங்குப் பகுதிக்கும் தளர்ந்த பகுதிக்கும் உள்ள விகிதம், நூலின் தடிப்பு ஆகியவற்றை மாற்றி அதை நோக்கி முயலலாம். அதைச் செய்ய வேண்டும் என்ற எண்ணம் வறண்ட ஊரில் வாழும் ஆய்வாளருக்கு எளிதில் தோன்றாது. ஈரத்தில் வாழ்பவருக்குத் தோன்றும். விஞ்ஞானத்தின் விதிகள் எங்கும் ஒன்றே. ஆனால் எந்தக் கேள்வியைக் கேட்பது என்பது கேட்பவரின் வாழ்க்கையிலிருந்து வருகிறது. நமது வாழ்க்கையிலிருந்து வரக்கூடிய மூன்று கேள்விகளைத் தருகிறேன்.

முதலாவது, ஆடை. பட்டுத் தசை நூலால் ஆய்வாளர்கள் ஒரு சட்டைக் கையைச் செய்து காட்டினார்கள். வியர்வையின் ஈரம் பட்டதும் கை மேலே சுருங்கும், உடல் குளிரும். நல்ல யோசனைதான். ஆனால் முழுக்கை உடுத்திப் பர்தா அணிந்து ஏற்றத்தில் நடந்து பாடசாலைக்கு வரும் நமது மாணவிக்கு, வியர்த்ததும் முழங்கைக்கு மேலே ஏறும் சட்டை உதவாது! அவளுக்கு வேண்டியது, நீளம் மாறாமல், நெசவின் நுண்துளைகள் மட்டும் வியர்வையில் அகன்று காற்றை உள்ளே விடும் துணி. அது முடியாத காரியமல்ல. அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழகம் 2019 இல் செயற்கை இழையில் இந்த வழியைக் காட்டியது. அத்துணியில் ஈரம் பட்டதும் நூலுக்குள் இருக்கும் இழைகள் நெருங்கிக்கொள்ள, நூல்களுக்கிடையே இடைவெளி திறக்கிறது. ஆடையின் அளவு மாறுவதில்லை. இதைப் பட்டில் எப்படிச் செய்வது, வெளியே ஒளி ஊடுருவாத ஓர் அடுக்கும் உள்ளே திறந்து மூடும் ஓர் அடுக்குமாக எப்படி நெய்வது என்பவை நமது பிள்ளைகள் கேட்க வேண்டிய கேள்விகள்.

இரண்டாவது, தேயிலைத் தொழிற்சாலை. பறித்த கொழுந்தின் நிறையில் முக்கால் பங்குக்கு மேல் நீர். வாட்டும் தட்டில் அதில் ஒரு பகுதி போக வேண்டும். கடைசியில் தூளில் ஏறக்குறைய 3 சதவீத ஈரமே எஞ்ச வேண்டும். மழை நாளில் வாட்டம் பிந்தும், கூடுதல் சூடு வேண்டும், விறகு செலவாகும். தொழிற்சாலைகளில் இதற்காக ஈரக் குமிழ், உலர் குமிழ் என்ற இரண்டு வெப்பமானிகளைப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருப்பார்கள். ஆனால் நீண்ட வாட்டும் தட்டின் எல்லா இடத்திலும் ஈரம் ஒன்றாக இருப்பதில்லை. நிறம் மாறும் மலிவான படலத்தைத் தட்டு நெடுகிலும் ஒட்டிவைக்க முடிந்தால், எந்த மூலை இன்னும் வாடவில்லை என்பதை நடந்து பார்த்தே சொல்லிவிடலாம்.

மூன்றாவது, தராசு. மழையில் பறித்த கொழுந்தில் நீர் ஒட்டியிருக்கும் என்று சொல்லி நிறையில் ஒரு பகுதியைக் கழிப்பது தோட்டங்களில் நெடுநாள் வழக்கம். எவ்வளவு கழிப்பது என்பது பல இடங்களில் கண்மதிப்பு. மழை முழுவதையும் முதுகில் வாங்கிக்கொண்டு பறித்த பெண்ணின் நாட்கூலி அந்தக் கண்மதிப்பில் கூடலாம், குறையலாம். லியோன் நகரத்து வியாபாரிகளுக்கு இதே சிக்கல்தான் இருந்தது. அவர்கள் மாதிரி எடுத்து, உலர்த்தி, கணக்கிட்டு, இரு தரப்பும் ஏற்கும் ஓர் எண்ணைப் பெற்றார்கள். காற்றின் ஈரத்தைக் காட்டும் பட்டு நூல் இலையில் ஒட்டிய நீரை நேரே அளந்துவிடாது. ஆனால் இலையில் தொட்டதும் ஈரத்தைக் காட்டும் ஒரு பட்டை, இருபுறமும் பார்க்கக்கூடிய ஓர் எண், ஒரு நியமம் என்பவை எட்டாத காரியங்கள் அல்ல. இக்கல்லூரியைச் சூழவுள்ள தோட்டங்களுக்கு இதைவிடப் பெரிய ஸ்மார்ட் பொருள் எது என்று நீங்களே சொல்லுங்கள்.

பட்டும் மார்க்கமும்

பட்டாடை பெண்களுக்கு ஆகும், ஆண்களுக்கு ஆகாது என்பதை நாம் அறிவோம். அப்படியானால் இந்த ஆராய்ச்சியால் ஆண்களுக்குப் பயனில்லையா என்று ஒரு மாணவி கேட்கலாம். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி), ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரழி) ஆகிய இருவருக்கும் தோலரிப்பு இருந்தபோது, பட்டணிய நபி (ஸல்) அவர்கள் அனுமதித்த செய்தி ஹதீஸ் நூல்களில் இருக்கிறது. தேவை வேறு, அலங்காரம் வேறு என்று சிந்திக்க இது இடம் தருகிறது. எந்தப் பயன்பாட்டுக்கு எந்தத் தீர்ப்பு என்பதை உலமாக்களிடம் கேட்டறிய வேண்டும். உணரியாகவோ படலமாகவோ பயன்படும் பட்டு, உடுத்தும் ஆடையும் அல்லவே.

வீட்டில் செய்து பார்க்க

1. கிழிந்துபோன பழைய பட்டுச் சாரியிலிருந்து சரிகை இல்லாத ஐந்தாறு நூல்களை அரை மீற்றர் நீளத்துக்கு உருவி எடுங்கள். உண்மைப் பட்டா என்று அறிய, பெரியவர் ஒருவரின் உதவியோடு ஒரு துண்டைக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் மணம் வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் பட்டு. உருகி மணிபோல் திரண்டால் பொலியெஸ்டர்.

2. நூல்களைச் சேர்த்து ஒரே திசையில் நன்றாக இறுகும் வரை முறுக்குங்கள். முறுக்கு விடாமல் நடுவில் மடித்து இரண்டு முனைகளையும் சேருங்கள். இரு பாதிகளும் தாமாகவே ஒன்றையொன்று சுற்றிக்கொள்ளும். முனைகளை முடிச்சிடுங்கள்.

3. முடிச்சை ஓர் ஆணியில் மாட்டி, கீழே மடிப்பில் ஓர் ஈர்க்குத் துண்டைக் கிடையாகக் கட்டுங்கள். காற்று படாத இடத்தில் அசைவு நிற்கும் வரை விடுங்கள்.

4. தெளிப்பானால் நுண்ணிய நீர்த்திவலையை நூலுக்குக் காட்டுங்கள். ஈர்க்கு எந்தப் பக்கம், எத்தனை சுற்றுச் சுழல்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். உலர்ந்தபின் எவ்வளவு திரும்பி வருகிறது என்றும் பாருங்கள். நூலுக்கு நூல் அளவு வேறுபடும்; ஆகவே மூன்று தடவையாவது செய்யுங்கள்.

5. அதே முறையில் ஒரு பருத்தி நூலையும் ஒரு பொலியெஸ்டர் நூலையும் சோதித்து ஒப்பிடுங்கள். நீரை விரும்பாத நூல் எது என்று ஈர்க்கே சொல்லிவிடும்.

சிந்திக்கச் சில வினாக்கள்

1. தஸ்பீஹ் உவமையில், பட்டு முழுவதும் மணியாக மட்டும் இருந்தால் அது ஈரத்துக்கு எப்படி நடந்துகொள்ளும்? முழுவதும் நூலாக மட்டும் இருந்தால்?

2. 40 கிலோகிராம் பட்டிலிருந்து எடுத்த 200 கிராம் மாதிரி உலர்ந்தபின் 176 கிராம் நின்றது. வியாபார நிறை என்ன?

3. இறப்பர்க் காய் வெயில் காலத்தில் ‘டப்’ என்று வெடித்து விதையைத் தூர எறிவதைக் கேட்டிருப்பீர்கள். ஈரம் போவதற்கும் அந்த வெடிப்புக்கும் என்ன தொடர்பு?

4. உங்கள் வீட்டில் ஈரத்தால் கெட்டுப்போகும் பொருள்கள் எவை? அவற்றில் எதற்கு ஈரத்தை முன்கூட்டிச் சொல்லும் ஒரு நூல் பயன்படும்?

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. விஞ்ஞானப் பிரிவு என்றால் வைத்தியர் அல்லது பொறியியலாளர் என்ற இரண்டு வாசல்கள்தான் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் நெசவு, ஆடைப் பொறியியலுக்கென்றே ஒரு துறை இருக்கிறது. ஹோமாகமவில் நனோ தொழில்நுட்ப நிறுவனமான ஸ்லின்டெக் இருக்கிறது. நமது மாகாணத்திலேயே பெலிஹுல்ஓயாவில் சப்ரகமுவப் பல்கலைக்கழகம் இருக்கிறது. தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் தாழ்நாட்டு நிலையம் இரத்தினபுரியில்தான் இருக்கிறது. ஆடை ஏற்றுமதியால் பிழைக்கும் ஒரு நாட்டில், மழையையும் தேயிலையையும் பிறந்த நாள் முதல் அறிந்த பெண்பிள்ளைக்கு இவ்விடங்களில் சொல்வதற்கு ஏராளம் உண்டு. பிள்ளை பழைய பட்டு நூலைக் கேட்டால் ஒரு முழம் கொடுத்துவிடுங்கள். ஈர்க்கு சுழல்வதைப் பார்த்து அவள் கேட்கும் முதல் கேள்வியை ஒரு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். விடையை இன்ஷா அல்லாஹ் அவளே தேடிக்கொள்வாள்.